சைபனுக்குள் முதல் தண்ணீர்

நடுவாய்க்கால் மதகை யார் திறப்பது என்ற கேள்வி, மேட்டூரில் தண்ணீர் விட்ட நாளிலிருந்தே வேலங்கரையில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தண்ணீர் ஆற்றோடு வந்து மதகுப் பலகையை முட்டிக்கொண்டு நின்றது. கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

முதல் தண்ணிக்குப் பூப்போட்டுத் திறக்கிற மரியாதை தன் குடும்பத்துக்கே உரியது என்றார் மிராசுதார் பஞ்சநதம். அந்த மரியாதையை அவருடைய பாட்டனாருக்கு யார் கொடுத்தது என்று விசாரித்தால், பாட்டனாரே எடுத்துக்கொண்டார் என்று தெரியவரும். ஆகவே யாரும் விசாரிப்பதில்லை. மதகு சர்க்காருடையது, சர்க்கார் நம்முடையது என்றார் ஆளுங்கட்சியின் ஒன்றியத் தலைவர். அவர் பகுத்தறிவுக்காரர். ஆற்றில் பூவைப் போடுவார், கும்பிட மாட்டார். போட்டோக்காரர் வராத வருஷம் பூவும் போட மாட்டார். உழைக்கிறவன் கைதான் மதகைத் தொடவேண்டும் என்றார் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் இராஜாங்கம். அவர் வயலில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தொண்டையாக அவர் இருந்தார்.

மூன்று நாள் பேசி, மூன்று கையும் ஒரே சமயத்தில் மதகுச் சக்கரத்தைத் தொடுவது என்று முடிவாயிற்று. எந்தக் கை மேலே இருப்பது என்பதைப் பேச மறந்துவிட்டார்கள்.

அதனால் மேளம் தொடங்கி வெகுநேரமாகியும் மதகு திறக்கப்படவில்லை. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வைரக்கண்ணு சக்கரத்தின் திருகுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றியத் தலைவர் மைக்கைப் பிடித்தார். தாயே, தமிழே, தண்ணீரே என்று தொடங்கினார். தமிழ் கரைபுரண்டு ஓடியது.

சங்கம் கூட்டிவந்த பெண்களோடு காளியம்மாள் கரையில் நின்றிருந்தாள். நாற்றங்கால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். பேச்சைக் கேட்பதாகப் பேர். கண் என்னவோ எதிர்க்கரையில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசையில் இருந்தது. அவள் மகள் பொன்னுத்தாய் ஐந்தாம் வகுப்பு. காலையில் எண்ணெய் வழிய வழியச் சடை பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தாள். சிவப்பு ரிப்பனைக் காணவில்லை.

குனிந்து, நிமிர்ந்து, நகர்ந்து பார்த்தாள். பிறகு மதகுப் பாலத்தின் மேலேறி எதிர்க்கரைக்குப் போனாள். பொன்னுத்தாயின் பக்கத்து இடத்துக்காரி அம்சவல்லி, கைக்கொரு காகிதக் கொடி பிடித்துக்கொண்டு நின்றது.

"ஏன்டி, உனக்கு மட்டும் ரெண்டு கொடியா?"

"ஒண்ணு பொன்னுத்தாயோடது."

"அவ எங்க?"

அம்சவல்லி கொடிகளைப் பார்த்தது. தலைமையாசிரியர் நிற்கும் திசையைப் பார்த்தது.

"சொல்லுடி. அடிக்க மாட்டேன்."

"சைபனுக்குள்ள அத்தை. மேளம் அடிச்சதும் எல்லாரும் உள்ள போயிடணும். முதல் தண்ணி வர்ற வரைக்கும் உள்ளயே இருக்கணும். தண்ணியப் பாத்து யாரு கடைசியா வெளியில வராங்களோ அவங்கதான் தலைவர். வருஷம் பூரா மத்தவங்க அவங்க பைய தூக்கணும்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "வீரையன் போன வருஷம் ஜெயிச்சான்" என்றது.

காளியம்மாள் வாய்க்கால் போகிற திசையைத் திரும்பிப் பார்த்தாள்.

சைபன் என்று ஊரில் சொல்வது, நடுவாய்க்கால் வடிகாலைக் குறுக்கிடும் இடம். வடிகால் மேலே போகும். வாய்க்கால் தரைக்குள் இறங்கி, அதன் அடிவயிற்றில் செங்கல் சுரங்கமாக நுழைந்து, அந்தப் பக்கம் ஏறி வெளியே வரும். வெள்ளைக்காரன் கட்டியது. பிள்ளைகள் குந்திக்கொண்டு போகலாம். பெரியவர்கள் படுத்துத்தான் போகவேண்டும். ஆனால் புத்தியுள்ள பெரியவர்கள் யாரும் போனதில்லை. கோடையில் நடுப்பள்ளத்தில் கொஞ்சம் சேறு கிடக்கும். முதல் தண்ணீர் வரும்போது கூரைவரை நிறைந்துவிடும்.

இந்த விளையாட்டு போன திங்கட்கிழமைவரை ஆறாம் வகுப்பில் நாலைந்து பேருக்கு மட்டுமே தெரியும். அதைப் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியவைத்தவர் தலைமையாசிரியர் குஞ்சிதபாதம். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். காதில் ஏதோ விழுந்திருக்கிறது; காலை வணக்கத்தின்போது கரும்பலகையை முட்டுக் கொடுத்து நிறுத்தி, சைபனைக் குறுக்குவெட்டில் வரைந்து, எந்த வழியாக நுழைகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எந்த வழியாக வெளியேறுகிறார்கள் என்று அம்புக்குறி போட்டு விளக்கி, "இப்படிச் செய்யவே கூடாது" என்று முடித்தார். போகிற போக்கில், "மகா துணிச்சல்காரனும் இதற்குத் துணிய மாட்டான்" என்று ஒரு வாக்கியம் வேறு சேர்த்துக்கொண்டார். அன்று மத்தியானம் சத்துணவுக்குப் பதில் அந்த வாக்கியத்தைத்தான் பள்ளிக்கூடமே மென்றுகொண்டிருந்தது.

சைபன் கூப்பிடு தூரத்தில், வாய்க்கால் திரும்புகிற இடத்தில், கருவைப் புதருக்குப் பின்னால் இருந்தது. ஓடினால் போய்விடலாம். ஆனால் ஓடும்போதே மதகு திறந்துவிட்டால்? தண்ணீர் அவளைவிட வேகமாக ஓடும். முதலில் மதகை நிறுத்தவேண்டும். மதகை நோக்கியே திரும்பி ஓடினாள்.

"திறக்காதீங்க! ஐயா, திறந்துடாதீங்க! சைபனுக்குள்ள புள்ளைங்க இருக்கு!"

சக்கரத்தின்மேல் அப்போதுதான் மூன்று கைகள் அடுக்கப்பட்டிருந்தன. மிராசுதாரின் கை மேலே இருந்தது. அவர் அந்தக் கையை எடுக்காமலே, இன்னொரு கையால் மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"என்னவாம் இவளுக்கு?"

"புள்ளைங்க உள்ள உக்காந்திருக்குங்க ஐயா. எம் மவளும் இருக்கா."

"போன வருஷம் கன்னுக்குட்டி மாட்டிக்கிச்சுன்னு சொல்லித் திறக்க விடல. ஓடிப்போயி பாத்தா ஒரு கோழிகூட இல்ல. இந்த வருஷம் புள்ளைங்களா?" பஞ்சநதம் சிரித்தார். "யோவ் இராஜாங்கம், சரக்கு தீந்துபோச்சா உங்கிட்ட?"

இராஜாங்கத்துக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை. கன்றுக்குட்டி யோசனை அவருடையதுதான். இது அவருடையது இல்லை. தன்னுடையது இல்லையென்றால் எதிரியுடையது என்பது அவர் அரசியலின் பாலபாடம்.

"காளியம்மா, இத யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? கமிட்டியில பேசாம நீயா எப்படிக் குரல் குடுக்கலாம்? கட்டுப்பாடு வேணாம்?"

"அண்ணே, கமிட்டியில்லண்ணே! எம் புள்ளண்ணே!"

"சாத்தியமே இல்லை" என்றது ஒரு குரல். குஞ்சிதபாதம் முன்னால் வந்தார். அவர் வீட்டில் குழம்புக்கு உப்புக் கேட்டாலும் எழுத்துத் தமிழில்தான் கேட்பார். "அந்த விளையாட்டு திங்கட்கிழமையே தடை செய்யப்பட்டுவிட்டது. மாணவர்கள் அனைவரும் வரிசையில் உள்ளனர். சற்று முன்புதான் எண்ணினேன்."

"எண்ணுனீங்களா சார்? எம் மவ இல்லியே!"

"கொடிகளை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை."

ஒன்றியத் தலைவருக்கு மைக் கையில் இருந்ததால் கருணையும் சத்தமாகவே வந்தது. "தாயே! கலங்காதே! உன் கோரிக்கை எதுவானாலும் எழுதிக் கொடு. விழா முடிந்ததும் பரிசீலிக்கப்படும்."

காளியம்மாள் லஸ்கரின் காலைப் பிடித்தாள். "நீங்களாச்சும் திறக்காதீங்க மாமா."

வைரக்கண்ணு காலை உருவிக்கொண்டார். "எனக்கு ஆர்டர் வரணும்மா. திறக்கன்னாலும் ஆர்டர் வரணும், திறக்காம இருக்கன்னாலும் ஆர்டர் வரணும்."

மேளக்காரர் மறுபடி தவிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நொடியில் காளியம்மாளுக்கு ஒன்று விளங்கியது. அழுதால் இவர்களுக்குக் கேட்காது. பிள்ளை என்றால் கேட்காது. இவர்களுக்குக் கேட்கிற சத்தம் ஒன்றே ஒன்றுதான். கரையிலிருந்து வறண்ட வாய்க்காலுக்குள் குதித்தாள். மதகு வாய்க்கு நேர் கீழே, தண்ணீர் விழவேண்டிய இடத்தில் மல்லாக்கப் படுத்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

"மேலவெளி நிலம் எங்களுக்கே!"

சங்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வருஷ மறியலில் இதே இடத்தில் படுத்தவர்கள். ஏன் என்று கேட்டுக்கொண்டு படுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. ஒருத்தி இறங்கினாள், பத்துப் பேர் இறங்கினார்கள், வாய்க்கால் நிறையப் புடவைகள் படுத்துவிட்டன. "எங்களுக்கே! எங்களுக்கே!"

கரையில் நின்ற அத்தனை பேர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. இதுதான் அவர்களுக்குத் தெரிந்த விஷயம். போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மிராசுதார் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். இராஜாங்கம் ஒரே தாவில் கீழே இறங்கி முன்னால் நின்று, போராட்டத்தைத் தலைமை தாங்கத் தொடங்கினார்.

மேலவெளியைக் காளியம்மாள் யோசித்துத்தான் கேட்டாள். நில உச்சவரம்புச் சட்டம் விட்டதற்கு மேலே போன மிராசுதாரின் நிலம் அது. கோசாலை ஒன்றின் பேரில் எழுதிவைத்திருந்தார், கோசாலையில் ஒரு மாடும் இல்லை. கேஸ் வருஷக்கணக்காக நடக்கிறது. அதைக் கேட்டால் உயிர் போனாலும் தர மாட்டார்கள், பொழுது சாயும்வரை இழுக்கும், அதற்குள் பிள்ளையை எடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

பக்கத்தில் படுத்திருந்த தங்கம்மாளின் காதில் வாயை வைத்தாள். "நாத்தனாரே, நிலமும் இல்ல ஒண்ணும் இல்ல. சைபனுக்குள்ள பொன்னுத்தாயி இருக்கா. நான் வர்ற வரைக்கும் யாரு சொன்னாலும் எந்திரிச்சுடாதடி."

வாய்க்காலுக்குள்ளேயே ஓடினாள். போராட்டத்தைத் தொடங்கியவள் எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. இராஜாங்கம் வந்துவிட்ட பிறகு அதற்கு வேறு யாரும் தேவைப்படவில்லை.

சைபன் வாயில் நாலைந்து சட்டைகளும் ஒரு பாவாடையும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. துணி நனைந்தால் வீட்டில் அடி விழும் என்ற பயம் பிள்ளைகளுக்கு இருந்திருக்கிறது. மேலே ஒரு சிவப்பு ரிப்பன்.

"வெளியில வாங்கடா! தண்ணி வருது!"

இருட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தண்ணி வருகிறது என்று சொல்லிப் பயமுறுத்தி வெளியேற்றுவது அந்த விளையாட்டின் ஒரு தந்திரம் போலிருக்கிறது. குரல் பெரியவர்களுடையது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. ஊர்ப் பிள்ளை எது, சேரிப் பிள்ளை எது என்று அந்தச் சேற்றில் யாராலும் பிரிக்க முடியாது. நாலு பேர் வந்தார்கள்.

"பொன்னுத்தாயி எங்கடா?"

"நடுப்பள்ளத்துல. கால் மாட்டிக்கிச்சுன்னு சொன்னா. எங்கள முதல்ல போகவைக்கப் பொய் சொல்றான்னு..." ஒரு பையன் முழுங்கினான். "வீரையன் அந்தப் பக்கமா வெளியில போயிட்டான்."

அவர்களைக் கரையேறச் சொல்லிவிட்டு, காளியம்மாள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தாள். தலை நுழைந்தது. தோள் உரசியது. இரண்டு முழம் போவதற்குள் பின்னால் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அவள் உடம்பே அதை அடைத்துக்கொண்டது. கையை வைத்த இடமெல்லாம் வழுக்கியது. முதுகு கூரையில் இடித்துச் செங்கல் பொடி கொட்டியது. மூச்சை இழுத்தால் அழுகின கோரைப்புல் வாடை நெஞ்சுவரை போனது.

"பொன்னு!"

"அம்மா, நீ ஏன் வந்த?" குரல் கீழேயிருந்து வந்தது. "நான் வரல. எல்லாரும் போயிட்டாங்க. நான்தான் கடைசி."

"சரி, நீதான் கடைசி. வா."

சேற்றில் கால் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரலே சின்னதாகிப் போயிருந்தது. "கால் வரலம்மா."

மதகடியில் அப்போது நடந்ததைக் காளியம்மாள் எதிர்பார்த்திருக்க முடியாது. கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டிருந்தால் மூன்று நாள் இழுத்திருக்கும். அதை மறுநாளே அளந்து போடவேண்டியிருக்குமே. அவள் கேட்டதோ நிலம். நிலத்தை யாரும் மறுநாள் அளப்பதில்லை. ஒன்றியத் தலைவர் மைக்கில், "மேலவெளி மண் உழுபவனுக்கே! இது இந்தத் தம்பியின் வாக்கு!" என்று ஒரே வரியில் கொடுத்துவிட்டார். போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார். கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிவைத்திருந்த பஞ்சநதமும், "அரசாங்கம் சொன்னா நான் குறுக்க நிக்கப்போறேனா?" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார். இராஜாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வெற்றி இவ்வளவு சீக்கிரம் வந்து அவருக்குப் பழக்கமில்லை.

"எந்திரிங்க தோழர்களே! ஜெயிச்சாச்சு!"

எல்லாரும் எழுந்தார்கள். தங்கம்மாள் எழுந்திருக்கவில்லை.

"எந்திரி தங்கம்மா. நிலம் குடுத்துட்டாங்க."

"வேணாம்! நிலம் வேணாம்! புள்ளைங்க இருக்கு, திறக்காதீங்க!"

"சந்தோஷத்துல என்ன பேசுறதுன்னு தெரியல அதுக்கு" என்று சொல்லி, இரண்டு பேர் கைத்தாங்கலாக அவளைத் தூக்கிக் கரையேற்றினார்கள்.

சுரங்கத்துக்குள் காளியம்மாள் மகளின் காலைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். பெயர்ந்து விழுந்த செங்கல் இரண்டுக்கு நடுவில் கணுக்கால் இறங்கியிருந்தது. சுற்றிலும் சேறு. நகத்தால் பறித்தாள். பறித்த இடத்தில் சேறு திரும்ப வந்து மூடியது.

அப்போது மேளம் கேட்டது.

காதில் விழவில்லை, கன்னத்துக்கு அடியில் இருந்த செங்கல் வழியாக வந்தது. டும், டும் என்று பல்லுக்குள் அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு அதிர்வேட்டு.

"அம்மா, திறந்துட்டாங்களா?"

"இல்லடி. பேசிக்கிட்டிருக்காங்க. காலத் தளர்த்தி விடு."

"வேட்டு போட்டா திறந்துட்டாங்கன்னு அர்த்தம்மா."

"பேசாத. கால விடு."

முதலில் வந்தது காற்று. அந்தச் சுரங்கத்தில் அதுவரை காற்று அசையவே இல்லை. தண்ணீர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்த காற்று அது. புழுதியும் சருகும் பின்னாலிருந்து பிடரியில் அடித்தன. ஒரு தவளை அவள் கழுத்தில் மோதிவிட்டுப் போனது. பிறகு முழங்காலில் சில்லென்று ஏதோ தொட்டது. தொட்டதும் இடுப்புக்கு வந்தது. அவர்கள் இருந்தது சுரங்கத்திலேயே தாழ்ந்த இடம். தண்ணீருக்கு முதலில் நிறைக்க வேண்டிய இடம் அதுதான்.

மகள் கத்தினாள். அதுவரை அது விளையாட்டாகத்தான் இருந்திருக்கிறது என்பது அந்தக் கத்தலில் தெரிந்தது. காளியம்மாள் செங்கலை விட்டுவிட்டுக் காலை இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளைக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல், நாற்றைப் பிடுங்குவதுபோல இழுத்தாள். எதுவோ கிழிந்தது. கால் வந்தது.

"மேல ஏறு! ஏறுடி!"

அந்தப் பக்கத்து ஏற்றம் முழுக்கப் பாசி. ஏறினால் வழுக்கியது. தலையால் பிள்ளையை முட்டி மேலே தள்ளினாள். தண்ணீர் தாடையைத் தொட்டது. வாயை மூடிக்கொண்டாள். மூக்கை மட்டும் கூரையோடு ஒட்டிக்கொண்டு, இன்னும் ஒரு முட்டு. பிள்ளையின் கால் அவள் நெற்றியை உதைத்துவிட்டு மறைந்தது. பிறகு மூக்குக்கும் காற்று இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. கையை முன்னால் வீசினாள். ஒரு சின்னக் கை அதைப் பிடித்தது.

வீரையன்தான். பதினோரு வயதுப் பையன், சைபனின் அந்தப் பக்கத்து வாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, முதலில் பொன்னுத்தாயையும் பிறகு அவளையும் இழுத்துப்போட்டிருக்கிறான். காளியம்மாள் கரைச் சரிவில் விழுந்து தண்ணீராகக் கக்கினாள். மகள் பக்கத்தில் கிடந்தாள். கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம் சேற்றோடு வழிந்தது. பல் தந்தியடித்தது. உயிர் இருந்தது.

அவர்களுக்குப் பின்னால் சைபன் வாய், கூரைவரை நிறைந்து, குமுறிக்கொண்டு தண்ணீரைத் துப்பியது. கூடவே மிராசுதாரின் சாமந்திப் பூவும், ஒன்றியத் தலைவரின் ரோஜா இதழும் வேறுபாடில்லாமல் மிதந்து வந்தன.

முதல் தண்ணீரோடு கூடவே கரையில் நடந்து வருவது ஊர் வழக்கம். எல்லாரும் வந்தார்கள். முதலில் தங்கம்மாள், தலைவிரிகோலமாக. அவளுக்குப் பின்னால் இராஜாங்கம். "காளியம்மா! மேலவெளி நமக்கு! உன்னாலதாம்மா!" நனைந்து கிடந்தவளைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிப்போனது. பஞ்சநதம் சைபனைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். குஞ்சிதபாதம் மட்டும் பேசினார். "நான் திங்கட்கிழமையே சொன்னேன்."

பிள்ளைகள் வரிசையைக் கலைத்துவிட்டு ஓடிவந்து பொன்னுத்தாயைச் சூழ்ந்துகொண்டன. அம்சவல்லி அவளுடைய கொடியை நீட்டியது.

"தண்ணி வந்தப்ப உள்ளயே இருந்தியா?"

"இருட்டா இருந்துச்சா?"

"கூரை வரைக்கும் வந்துச்சா? நீ என்ன பண்ணின?"

பொன்னுத்தாய் அழுதுகொண்டுதான் இருந்தாள். கேள்வி வர வர அழுகை நின்றது. கொடியை வாங்கிக்கொண்டாள். "நான்தானே கடைசி?" என்று கேட்டாள். அவள் உதட்டோரம் மெல்ல ஒரு சிரிப்பு ஏறியது.

காளியம்மாள் அந்த முகங்களைப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் பளபளத்தன. மூன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று எட்டிப் பார்த்துச் சைபன் வாயைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் அவளுக்கு வந்த பயம் ஒன்று. இப்போது வந்தது அதைவிடப் பெரிதாக இருந்தது. அதை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தாள். தண்ணீர்தான் வந்தது, வார்த்தை வரவில்லை.

வீரையனின் கை இன்னும் அவள் பிடிக்குள்தான் இருந்தது. அதை இழுத்துத் தன் தாடைக்குக் கீழே, கழுத்து நரம்பின்மேல் வைத்து அழுத்தினாள்.

"என்ன அத்தை?"

அவள் இன்னும் அழுத்தினாள். பையன் ஒரு நொடி விழித்தான். அவன் விரலுக்கு அடியில், பிடித்துவைத்த கோழி மாதிரி நரம்பு துடித்தது. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"விடுங்க அத்தை. பயமா இருக்கு."

அவள் விடவில்லை. மற்றொரு கையை நீட்டி அம்சவல்லியின் கையைப் பற்றினாள். நெஞ்சுக் குழியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் கேள்வியை விட்டுவிட்டு அந்தக் கைகளைப் பார்த்தன. பொன்னுத்தாய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உதட்டில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"மாணவர்களே, வரிசையில் நில்லுங்கள்" என்றார் தலைமையாசிரியர்.

ஒரு பிள்ளையும் நகரவில்லை. விரலுக்கு அடியில் அந்தத் துடிப்பு அடங்கட்டும் என்று வீரையன் காத்திருந்தான். அடங்கவில்லை.